ஒற்றை ஆளின் செவி: புனே அரங்குகளில் வசைக் கோஷமும் காவலும்

2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸும் கொல்கத்தா அணியும் ஆடிக்கொண்டிருந்தபோது, எல்லைக்கோட்டருகே ஜடேஜா நின்ற பக்கமாகக் காலணிகள் வந்து விழுந்தன. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அரங்குக்கு வெளியே கோஷமிட்டவர்களைத் தடுத்து நிறுத்துவதிலேயே போலீஸாரின் அன்றைய மாலை கழிந்தது. இனி வரும் ஆட்டங்களுக்குப் பாதுகாப்பு தருவது கடினம் என்றானதும், சென்னையில் நடக்க வேண்டிய மீதி ஆறு ஆட்டங்களும் புனேயை அடுத்த கஹுஞ்சே அரங்குக்கு மாறின. ஏப்ரல் 19 அன்று ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்ற தனி ரயிலில் ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்கள் சென்னையிலிருந்து கிளம்பினார்கள். மறுநாள் இரவு ஷேன் வாட்சன் சதமடித்தபோது, மாவள் வட்டாரத்து மலையடிவாரத்தில் சேப்பாக்கத்து விசில் கேட்டது.

அதே கஹுஞ்சே அரங்கில் 2023 அக்டோபர் 19 அன்று உலகக் கோப்பைக்காக இந்தியாவும் வங்கதேசமும் மோதின. இந்தியா ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. கோலி 103 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். புலிவேடமிட்டு வந்த வங்கதேச ரசிகர் ஒருவர் கையில் ஒரு பொம்மைப் புலி வைத்திருந்தார். இந்திய ரசிகர்கள் சிலர் அவரைச் சூழ்ந்து கேலி செய்தார்கள். பொம்மை பிய்ந்து பஞ்சு பறந்தது. அந்தக் காட்சியைக் காணொளியில் நாடே பார்த்தது.

முதல் நிகழ்வில் ஒலித்தது ஆற்றுநீருக்கான அரசியல் கோஷம். அதைக் கேட்டுப் பொது அமைதி குலையும் என்று அஞ்சி ஆறு ஆட்டங்கள் மாநிலம் விட்டு மாநிலம் போயின. இரண்டாவதில் ஒரு மனிதர் அவருடைய நாட்டின் பெயரால் அவமானப்பட்டார். பொது அமைதிக்கு அங்கே குறைவு ஏற்படவில்லை. ஏற்படவும் முடியாது: ஒரு பக்கம் சுமார் 37,000 பேர் கொள்ளும் அரங்கு, மறுபக்கம் ஒரே ஆள். அமைதி கெடுமா என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு பார்க்கும் காவல், திருப்பி அடிக்க ஆளில்லாதவனுக்கு நேரும் அவமதிப்பைக் காணாமலே போகும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். பார்வையாளர் கூட்டத்தின் வாயைச் சட்டம் தொடத்தான் வேண்டும் என்றால், கோஷம் யாரைக் குறிவைத்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை பேர் கொதிப்பார்கள் என்பது அடுத்த கேள்வி.

இந்த வாதம் கால்பந்து ரசிகர்களுக்கும் உரியது; அதற்குக் கிரிக்கெட் அரங்கு எதற்கு என்று கேட்கலாம். புனேயில் கால்பந்துக் கூட்டம் கூடிக் கூடிக் கலைந்துவிட்டது. 2007-இல் தொடங்கிய புனே எஃப்சி 2012-13 ஐ-லீக்கில் இரண்டாமிடம் பிடித்து, 2015-இல் ஓய்ந்தது. டிஎஸ்கே சிவாஜியன்ஸ் இரண்டே பருவம் ஐ-லீக்கில் ஆடியது. ஐஎஸ்எல்லில் 2014 முதல் ஆடிய எஃப்சி புனே சிட்டி 2019-இல் மறைந்தது. ‘ஆரஞ்ச் ஆர்மி’ என்று புனேயின் பாலேவாடி அரங்கின் கேலரியை நிறைத்த ரசிகர்களுக்குப் பாட அணி இல்லாமல் போனது. ஆகவே நடந்ததற்குச் சான்று கிரிக்கெட்டிலும், நடக்க வேண்டியதற்கு விதி கால்பந்திலும் கிடைக்கின்றன.

புனே போலீஸாரின் கையில் உள்ள சட்டங்களைப் பார்ப்போம். மகாராஷ்டிரா போலீஸ் சட்டம் 1951-ஐச் சேர்ந்தது. நெடுங்காலம் பம்பாய் போலீஸ் சட்டம் என்று வழங்கியது. அதன் 37-ஆம் பிரிவின்படி காவல் ஆணையர் ஓர் உத்தரவின் மூலம் பொது இடத்தில் கூக்குரல் எழுப்புவதையும் பாட்டுப் பாடுவதையும் வாத்தியம் வாசிப்பதையும் தடுக்கலாம். அதே பிரிவின்படி கூட்டத்தையோ ஊர்வலத்தையோ தடை செய்தால், மாநில அரசின் ஒப்புதல் இல்லாத தடைக்குப் பதினைந்து நாள் ஆயுள். பண்டிகையோ ஊர்வலமோ வந்தால் இப்பிரிவின் உத்தரவு நகரில் வந்துபோய்க்கொண்டே இருக்கும். 110-ஆம் பிரிவு பொது இடத்தில் அநாகரிகமான பேச்சையும் நடத்தையையும் குற்றமாக்குகிறது. அதற்கு 117-ஆம் பிரிவு விதிக்கும் அதிகபட்ச அபராதம் 1,200 ரூபாய். ஒன்று ஊர் முழுவதன் வாயையும் மூடும் அளவு அகலமானது. மற்றது பல ஐபிஎல் டிக்கெட்டுகளின் விலைக்குக்கூட ஈடாகாத தண்டனை. இரண்டுமே தெருவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

தண்டனைச் சட்டத்துக்குப் போனாலும் இதே அமைதி அளவுகோல்தான். வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்கிய பழைய 504-ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 352, அவமதித்தவர் எதிராளியை அமைதி குலைக்கத் தூண்டும் நோக்கமோ, அவர் குலைக்கக்கூடும் என்ற அறிவோ கொண்டிருக்க வேண்டும் என்கிறது. குழுக்களிடையே பகை வளர்ப்பதைத் தண்டித்த 153ஏ, இப்போது 196, குழுக்களின் நல்லிணக்கத்தை நோக்குகிறது. கஹுஞ்சேயில் நின்ற அந்தத் தனி மனிதருக்கு நேர்ந்ததில் சட்டத்தின் கண்ணுக்கு எளிதாகத் தட்டுப்படுவது பிய்ந்த பொம்மைதான். சொத்துக்குச் சேதம் விளைவிப்பது குற்றம். பொம்மையைப் பிடித்திருந்த கைக்கு உரியவர்மேல் வீசப்பட்ட சொற்களுக்கு இதுபோல் நேரான இடம் இல்லை.

ஆனால் அதே தண்டனைச் சட்டத்தின் ஒரு மூலையில் வேறொரு பார்வை 1860-லிருந்தே கிடக்கிறது. 298-ஆம் பிரிவு, ஒருவருடைய மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட எண்ணத்தோடு அவர் காதில் விழும்படி சொல் சொல்வதையும் ஒலி எழுப்புவதையும், அவர் கண்ணில் படும்படி சைகை காட்டுவதையும் குற்றமென்றது. இன்று அது 302-ஆம் பிரிவு. ஊர் அமைதி, கலவரம் என்ற பேச்சே அதில் இல்லை. கேட்கும் அந்த ஒரு செவி போதும். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-உம் இதே வழியில், பொதுப் பார்வைக்குரிய இடத்தில் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையே குற்றத்தின் மையமாக வைக்கிறது. விளையாட்டரங்குக்குத் தேவையான சட்டத்தின் வித்து நம்மிடமே இருக்கிறது. இனம், பிறந்த மண் என்று அது கிளை விடவில்லை.

கிளை விடச் சொன்னவர்கள் உண்டு. 2014 ஜனவரியில் தில்லியில் அருணாசல மாணவர் நிடோ தானியா தாக்கப்பட்டு இறந்தபின் அமைந்த பெஸ்பருவா குழு, ஓர் இனத்தவரை அவமதிக்கும் நோக்கில் சொல்லும் சொல்லையும் சைகையையும் தண்டிக்க 509ஏ என்ற புதுப் பிரிவைப் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சன்ஹிதாவிலும் இடம்பெறவில்லை. இந்தியக் கால்பந்தைப் பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுபடல் என்று தெரியும். மிசோரமும் மணிப்பூரும் இல்லாமல் இன்று ஐஎஸ்எல் அணி ஒன்றைக் கட்டுவது அரிது. சென்னையின் எஃப்சி ரசிகர்கள் கொண்டாடிய ஜெஜெ லால்பெக்லுவா மிசோரத்துக்காரர். அவருடைய தொழில்முறை ஆட்டம் தொடங்கியது புனே எஃப்சியில். கண்ணின் வடிவத்தைச் சொல்லி வடகிழக்கு இளைஞர்களைக் கூப்பிடும் வசை, தெருவில் கேட்கும் வசைதான். கேலரியில் அதை ஆயிரம் பேர் சேர்ந்து சொன்னால், மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்? அவர் கேலரியில் ஏறிச் சண்டைக்குப் போகமாட்டார். அதனாலேயே அமைதி குலையவில்லை என்று கோப்பை மூடிவிடலாமா?

இந்த மாநிலத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2007 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸை நோக்கி முதலில் வடோதராவில் குரங்கொலி எழுந்தது. அது இனவசையா, சாதாரணக் கேலியா என்ற விவாதம் முடியும் முன்பே அக்டோபர் 17 அன்று மும்பை வான்கடேயில் மறுபடி எழுந்தது. அங்கே குரங்குச் சைகை காட்டியவர்களின் முகம் புகைப்படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. நான்கு பேர் வெளியேற்றப்பட்டு, அவர்கள்மீது நடவடிக்கை பாய்ந்தது. வடோதராவில் விவாதமாகக் கரைந்தது மும்பையில் வழக்கானதற்குக் காரணம், கேமரா குறிப்பிட்ட மனிதர்களைக் குறிப்பிட்ட செயலோடு பிணைத்ததுதான்.

கூட்டத்தில் யார் சொன்னது என்று நிறுவுவது எத்தனை கடினம் என்பதைச் சிட்னி காட்டியது. 2021 ஜனவரி 10 அன்று இந்திய வீரர் முகமது சிராஜ் புகார் சொல்ல ஆட்டம் சில நிமிடம் நின்றது. ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். இந்திய வீரர்கள் இனவசைக்கு ஆளானது உண்மை என்று விசாரணையின் முடிவில் கிரிக்கெட் ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது. ஆனால் வெளியேற்றப்பட்ட ஆறு பேர் அதைச் செய்தவர்கள் அல்லர் என்றும் சொன்னது. கஹுஞ்சேயின் மேல்தளத்துக்கு முகம் கொடுத்து, ஆட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு கான்ஸ்டபிளை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கியில் டிஜே இசை, கைதட்டல், தாளம். இருபதாவது வரிசையிலிருந்து ஒரு சொல் கிளம்பி நாற்பது வாய்க்குப் பரவி அரை நிமிடத்தில் அடங்குகிறது. எஃப்ஐஆரில் பெயர் எழுத வேண்டும், பஞ்சநாமாவுக்குச் சாட்சி வேண்டும், சொன்ன சொல் இன்னதென்று வேண்டும். அகப்பட்டவரைப் பிடிப்பது எளிது. சொன்னவரைப் பிடிப்பது வேறு வேலை.

பிரிட்டன் இதில் இரண்டு பாதையிலும் நடந்து பார்த்திருக்கிறது. இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டுக் கால்பந்துக் குற்றங்கள் சட்டம், நிறம், இனம், தேசியம் காரணமாக ஒருவரை இழிவுபடுத்தும் கோஷத்தைக் குற்றமாக்கியது. கூட்டாகச் சொன்னால்தான் குற்றம் என்றிருந்ததை 1999-இல் திருத்தி, தனியாகச் சொன்னாலும் குற்றமாக்கினார்கள். ஓல்டம் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பாகிஸ்தானியரைக் குறிக்கும் இழிசொல்லால் அந்த ஊரையே பழித்துப் பாடிய போர்ட் வேல் ரசிகரைக் கீழ்நீதிமன்றம் விடுவித்தது. 2003-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்றது. அந்தச் சட்டம் இன்றும் நிற்கிறது. ஸ்காட்லாந்தோ 2012-இல் கால்பந்தில் புண்படுத்தும் நடத்தைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. வெறுப்பைக் கக்கும் பாட்டோடு, நியாயமான மனிதர் ஒருவர் புண்படுத்துவதாகக் கருதக்கூடிய எதையும் சேர்த்து, எல்லாவற்றையும் பொது ஒழுங்கு குலையும் வாய்ப்போடு கட்டியது. தூண்டப்படக்கூடியவர்கள் அங்கே இல்லாவிட்டாலும் குலையும் என்று கொள்ளலாம் என்றது. செல்டிக், ரேஞ்சர்ஸ் இரு தரப்பு ரசிகர்களும் எதிர்த்தார்கள். நீதிமன்றத்திலேயே கடும் விமர்சனம் எழுந்தது. 2018 மார்ச்சில் 62-க்கு 60 என்ற வாக்கில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது.

‘புண்படுத்துவது’ என்று வலையை விரித்தால் அரசியல் பாட்டுதான் முதலில் சிக்கும். புனேக்கு இது தெரிந்த கதை. 2017 டிசம்பர் 31 அன்று சனிவார்வாடாவில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டத்தின் பாடல்களையும் பேச்சுகளையும் முன்வைத்து விஷ்ராம்பாக் காவல் நிலையத்தில் பதிவான வழக்கு எவ்வளவு தூரம் வளர்ந்தது, எத்தனை பேர் எத்தனை ஆண்டு விசாரணைக் கைதிகளாக இருந்தார்கள் என்பது நாடறிந்தது. கொல்கத்தாவில் 2020 ஜனவரியில் குடியுரிமைப் பதிவேட்டை எதிர்த்தும், 2025 ஆகஸ்டில் வங்கமொழி பேசுவோர் வங்கதேசத்தவர் என்று முத்திரை குத்தப்படுவதை எதிர்த்தும் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கேலரியில் பெரும் பதாகை விரித்தார்கள். சிலருக்கு அது புண்படுத்தும். ஆனாலும் அதில் எந்தத் தனி மனிதரும் பிறப்பால் குறிவைக்கப்படவில்லை. காவல் அங்கே கைகட்டி நிற்க வேண்டும். சேப்பாக்கத்தின் காவிரிக் கோஷத்துக்கும் இதே நியாயம். எறிந்த காலணி மட்டுமே காவலின் பொறுப்பு.

சொல்லை வைத்து மட்டும் எல்லை வகுக்க முடியாது. மராட்டிய அரங்குகளில் ‘கணபதி பாப்பா மோர்யா’ என்று எழும் முழக்கம் கூட்டத்தின் மகிழ்ச்சி. அதில் யாருக்கும் குறையில்லை. 2023 அக்டோபர் 14 அன்று அகமதாபாத்தில் ஆட்டமிழந்து திரும்பிய பாகிஸ்தான் வீரர் முகமது ரிஸ்வானை நோக்கி ‘ஜெய் ஸ்ரீராம்’ என்று கத்தியபோது, கோயிலில் பக்தியாக இருக்கும் அதே சொல் வேறு வேலை செய்தது. ஒருவரை அவருடைய மதத்தைச் சுட்டிக் குத்தியது. சொல் எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த காவலே இந்த இரண்டையும் பிரித்தறியும். பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியம் ஐசிசியிடம் முறையிட்டது.

இந்த இடத்தில் கால்பந்தின் விதி உதவுகிறது. 2023 செப்டம்பர் 18 அன்று ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் ஒன்றுக்கு மும்பை சிட்டி எஃப்சி பாலேவாடியைத் தன் சொந்த மைதானமாக வைத்து ஈரானின் நஸ்ஸாஜியை எதிர்கொண்டது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு விதிகளின்படி, பார்வையாளரின் நடத்தைக்கு, இழிவான கோஷம் உட்பட, பொறுப்பேற்க வேண்டியது ஆட்டத்தை நடத்தும் தரப்பு. அபராதம், கேலரியின் ஒரு பகுதியை மூடுவது, ஆளில்லா அரங்கில் ஆடுவது என்று தண்டனை ஏறிக்கொண்டே போகும். அதற்கு முன் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம், அணிகளை வெளியே அழைக்கலாம், கைவிடலாம். ஒரு மாதம் கழித்து, மும்பை நெடுஞ்சாலையில் சற்றே மேற்கே உள்ள கஹுஞ்சேயில் உலகக் கோப்பை ஆடப்பட்டபோது நடத்தும் சங்கத்தின் தலையில் அப்படிப்பட்ட நேரடிப் பொறுப்பு இறங்கவில்லை. கழகம் தண்டனைக்கு அஞ்சினால் தன் ரசிகர்களைத் தானே கட்டுப்படுத்தும். லத்தி அந்த வேலையைச் செய்யாது. குற்றம் செய்யாத ஆயிரம் பேரும் மூடிய கேலரியால் தண்டிக்கப்படுவார்கள் என்ற எதிர்வாதம் வலுவானது. ஆனால் கைது, ஜாமீன், ஆண்டுக்கணக்கான வழக்கு ஆகியவற்றோடு ஒப்பிட்டால், ஓர் ஆட்டத்தை இழப்பது சிறிய விலை.

மகாராஷ்டிராவில் இதைச் செய்யப் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. போலீஸ் சட்டத்தின் 33-ஆம் பிரிவு பொதுக் கேளிக்கை இடங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை ஆணையருக்குத் தருகிறது. கஹுஞ்சே இன்று 2018-இல் உருவான பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆணையரகத்தின் எல்லையில் வருகிறது. கிரிக்கெட் ஆட்டங்களின் போலீஸ் பந்தோபஸ்துக்குச் சங்கங்கள் கட்ட வேண்டிய கட்டணத்தை மாநில அரசு 2023-இல் பெருமளவு குறைத்து, அந்தச் சலுகையைப் பழைய ஆண்டுகளுக்கும் நீட்டித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அது கேள்விக்குள்ளானது. பொதுப்பணத்தில் இவ்வளவு சலுகை பெறும் அமைப்பிடம் அனுமதிச் சீட்டிலேயே நிபந்தனை கேட்பது நியாயம். எதிரணி ரசிகர் அமரும் வரிசைக்கருகே பயிற்சி பெற்ற ஸ்டூவர்டுகள் நிற்க வேண்டும். புகாரை உடனே வாங்க அந்தத் தளத்திலேயே ஒருவர் வேண்டும். டிக்கெட் எண்ணோடு பிணைந்த இருக்கையும், அதைப் பார்க்கும் கேமராவும் இருந்தால், அகப்பட்டவரை விட்டுச் சொன்னவரைப் பிடிக்க முடியும். முதல் முறைக்கு வெளியேற்றம், மறுமுறைக்கு அந்தப் பருவம் முழுதும் டிக்கெட் தடை என்று சங்கமே அறிவிக்கலாம். போலீஸ் வழக்கு அதற்கும் அப்பால், 302-ஆம் பிரிவோ வன்கொடுமைச் சட்டமோ நேராகப் பொருந்தும் இடத்தில் வரட்டும். 302 இன்று நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்) அனுமதியின்றிப் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத குற்றம். அது அப்படியே இருப்பது நல்லது: கோஷத்துக்காக ஒருவரை அந்த இரவே லாக்கப்பில் வைக்கும் அதிகாரத்தைச் சட்டம் யாருக்கும் தரக்கூடாது. பெஸ்பருவா குழுவின் 509ஏ மறுபடி எழுதப்படும்போதும் இந்தக் கட்டுப்பாடு அதில் இருக்க வேண்டும்.