பாலில் இறங்கிய புகை



சில ஆண்டுகளுக்கு முன்னர் வரலாற்றுப் பாடவேளையொன்றில் அணுவுலை விபத்துகளைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். விபத்துக்குப் பின் பாலைக் குடிக்கலாகாதெனத் தடைசெய்தார்கள் என்றதும், பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, பாலை நன்றாகக் கொதிக்க வைத்தால் போதாதா?” என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத்தந்த மருந்து அதுவே. நெருப்பு நோய்க்கிருமியைக் கொல்லும். ஆனால் கதிரியக்கம் கிருமியன்று. அணுவின் கருவிலே நிகழும் சிதைவு அது. அடுப்பின் வெப்பம் அணுக்கருவைத் தீண்டுவதில்லை. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிப் பால் சுண்டும். அதிலுள்ள நஞ்சின் செறிவு கூடினாலும் கூடுமேயன்றிக் குறையாது.

அந்த மாணவியின் வினாவுக்கு முழுமையான விடை கூறவேண்டுமாயின், 1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும்.

இங்கிலாந்தின் வடமேற்கிலே, ஐரிசுக் கடலைப் பார்த்தவாறு கிடக்கும் கம்பர்லாந்து என்பது மலையும் மேய்ச்சல் நிலமும் கலந்த பிரதேசம். அங்கே விண்ட்ஸ்கேல் என்னுமிடத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இரண்டு அணுவுலைகளைக் கட்டினார்கள். மின்சாரம் ஆக்குவதற்காக அல்ல, பிரித்தானியாவின் அணுகுண்டுக்கு வேண்டிய புளுத்தோனியத்தை ஆக்குவதற்காகவே. உலையின் உடல் காரீயத்தால் ஆனது. போகலையிலும் கஹட்டகஹவிலும் நம் சுரங்கத் தொழிலாளர் தோண்டியெடுக்கும் காரீயத்தின் இனம்தான். ஆனால் ஆலையிலே மிகத் தூய்மையாகச் செய்யப்பட்டது. அந்தக் காரீயத்தில் துளைத்த ஆயிரக்கணக்கான குழாய்வழிகளில் யுரேனியக் குழல்கள் செருகப்பட்டிருந்தன. பெரிய விசிறிகள் காற்றை உள்ளே ஊதும். சூடேறிய காற்று நானூறு அடி உயரமான புகைபோக்கி வழியாக நேரே வானத்துக்குப் போகும். இன்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும் ஏற்பாடு.

அந்தப் புகைபோக்கிகளின் உச்சியில் வடிகட்டிகள் இருக்கவேண்டுமெனச் சேர் ஜோன் கொக்ரொவ்ற் என்னும் விஞ்ஞானி பிடிவாதமாக நின்றார். கட்டட வேலை நடந்துகொண்டிருந்தபோது எழுந்த யோசனையாதலால், வடிகட்டிகளை அடியில் வைக்க வழியில்லாமல் உச்சியிலேயே ஏற்றவேண்டியதாயிற்று. செலவும் தாமதமும் கண்டு சலித்தவர்கள் அதற்குக் ‘கொக்ரொவ்ற்றின் மடைமை’ என்று பெயர் சூட்டினர். பின்னர் நடந்ததை நோக்க, அந்தப் பெயரைச் சூட்டியவர்களே நாணியிருக்கவேண்டும்.

1957 ஒக்டோபர் 10 ஆம் திகதி, வியாழக்கிழமை, முதலாம் உலையினுள் யுரேனியம் எரிந்துகொண்டிருப்பதைக் கண்டனர். காரீயத்தில் தேங்கும் ஒருவகைச் சக்தியை அவ்வப்போது சூடாக்கி வெளியேற்றுவது வழக்கம். அந்த வேலையே அம்முறை தீயாக மூண்டுவிட்டது. குளிர்ச்சிக்காக ஊதிய காற்றே தீயை வளர்த்தது. துணை முகாமையாளராயிருந்த தொம் தூயி என்பவர் உலையின் மேல் மீண்டும் மீண்டும் ஏறி, பார்வைத் துளைகள் வழியாகத் தீயின் நிறத்தைக் கண்டுவந்தார். மறுநாட் காலை தண்ணீரைப் பாய்ச்சத் துணிந்தார்கள். வெந்துகிடக்கும் உலோகத்தில் தண்ணீர் பட்டால் ஐதரசன் வாயு பிறந்து வெடிக்கலாமென்பதை அறிந்தே செய்தார்கள். தண்ணீர் மட்டும் போதவில்லை. காற்றை நிறுத்தியபின்னரே தீ அடங்கியது. ஒக்டோபர் 12 ஆம் திகதிக்குள் உலை குளிர்ந்தது.

அதற்குள் போகவேண்டியது போய்விட்டது. வடிகட்டிகள் துகள்களிற் பெரும்பகுதியைத் தடுத்தன. ஆனால் அயடீன் ஆவியாகச் செல்லும் இயல்புடையது; அதிற் பெரும்பங்கு தப்பிற்று. ஏறத்தாழ இருபதாயிரம் கியூரி அளவு அயடீன்-131 காற்றோடு சென்று வயல்களிலும் புல்வெளிகளிலும் படிந்தது.

இங்கேதான் பசு வருகிறது. பசு ஒரு நாளில் மேயும் நிலத்தின் பரப்பு பெரிது. கண்ணுக்குத் தெரியாத மென்படிவமாகப் புல்லின்மேல் விரிந்து கிடப்பதையெல்லாம் அது தன் வயிற்றுக்குள் திரட்டிக்கொள்கிறது. உண்ட அயடீனில் ஒரு பகுதி ஒரு நாளுக்குள்ளேயே பாலில் இறங்கத் தொடங்கும். அப்பாலைக் குடிக்கும் குழந்தையின் உடலோ, அயடீனைத் தேடித் தேடிக் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியிற் சேர்த்து வைக்கும். நல்ல அயடீன் எது, கதிரியக்கமுள்ள அயடீன் எது என்று சுரப்பிக்குத் தெரியாது. குழந்தையின் சுரப்பி சிறியது. குடிக்கும் பாலோ, உடலின் அளவை நோக்க, அதிகம். ஆகவே, ஒரே குவளைப் பால் தந்தைக்குச் செய்யும் தீங்கிலும் மகவுக்குப் பன்மடங்கு தீங்கு செய்யும்.

விண்ட்ஸ்கேல் அதிகாரிகளுக்கு ஒரு தர்மசங்கடம் நேர்ந்தது. பாலில் எவ்வளவு இருந்தால் விலக்கவேண்டும் என்பதற்கு அன்று முன்கூட்டி வகுத்த அளவேதும் இருக்கவில்லை. அணுவுலை கட்ட நாடு முந்திற்று. பாலுக்கு அளவுகோல் செய்ய மறந்துவிட்டது. விஞ்ஞானிகள் சிலர் தாளும் பென்சிலுமாக அமர்ந்து, குழந்தையின் சுரப்பி எவ்வளவு தாங்குமென்று அவசர அவசரமாகக் கணக்கிட்டனர். லீற்றருக்கு ஒரு மைக்குரோகியூரியிற் பத்திலொரு பங்கு என்பது அவர்கள் கண்ட எல்லை. பிற்காலத்து அளவுகோல்களோடு ஒப்பிட்டால் அது தாராளமான எல்லையே. ஆயினும் ஓர் எல்லை கிடைத்தது. அதைக்கொண்டு உடனே செயற்பட முடிந்தது.

ஒக்டோபர் 12 ஆம் திகதி அண்டையிலுள்ள பண்ணைகளின் பாலை விலக்கினார்கள். சில நாட்களில் தடை ஏறத்தாழ இருநூறு சதுர மைல்களுக்கு விரிந்தது. முட்டை, காய்கறி, குடிநீர் யாவற்றையும் சோதித்தனர். தடை வேண்டியதாயிருந்தது பாலுக்கு மட்டுமே. ஏறத்தாழ இருபது இலட்சம் லீற்றர் பால் ஆறுகளிலும் கடலிலும் ஊற்றப்பட்டது. பால் கறக்காமல் விட்டால் பசு நோயுறும். ஆதலால் பண்ணைக்காரர் நாள்தோறும் கறந்து, கறந்ததைக் கொட்டினர். அவர்களுக்கு நட்டஈடு கொடுக்கப்பட்டது. ஆனாலும், கறந்த பாலைத் தன் கையாலேயே கொட்டியவனின் மனத்தை எந்த நட்டஈடு ஆற்றும்? மாடு வளர்த்த குடும்பத்திற் பிறந்த எனக்கு அது விளங்கும்.

அயடீன்-131 எட்டு நாட்களிற் பாதியாகக் குறையும். பதினாறு நாளிற் காற்பங்கு. எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். ஆகையால் அந்தப் பாலையே மாவாக்கி மூன்று மாதம் களஞ்சியத்தில் வைத்திருந்தால், அயடீனைப் பொறுத்தவரையில் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். கொதிப்பால் ஆகாதது காத்திருப்பால் ஆகும். 1957 நவம்பர் 23 ஆம் திகதி கடைசித் தடையும் நீங்கிற்று.

பாலைப் பற்றி மக்களுக்குச் சொன்ன அரசாங்கம், உலையைப் பற்றி முழுவதும் சொல்லவில்லை. சேர் வில்லியம் பென்னி தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கையைப் பிரதமர் மக்மில்லன் வெளியிட மறுத்தார். அணு ஆயுத விடயத்தில் அமெரிக்காவின் நம்பிக்கை குலைந்துவிடும் என்பது அவர் அச்சம். சுருக்கமொன்றே வெளிவந்தது, அதில் பழி, தீயை அணைத்த இடத்து ஊழியர்களின் தீர்ப்புப் பிழைமேல் விழுந்தது. முழு அறிக்கையை 1988 சனவரியிற்றான் பொதுமக்கள் படித்தார்கள்.

இனி, வேறொரு நாட்டைப் பாருங்கள். 1986 ஏப்ரல் 26 ஆம் திகதி அதிகாலையிலே, சோவியத்து உக்கிரேனில் செர்னோபில் அணுவுலை வெடித்தது. அருகிலிருந்த பிரிப்பியற் நகரத்தவரை மறுநாள் பேருந்துகளில் ஏற்றி அகற்றினர். உலகம் அறிந்தது 28 ஆம் திகதி, சுவீடனின் அணுமின் நிலையமொன்றில் ஊழியரின் காலணியிற் கதிரியக்கம் கண்டபின். அன்றிரவு மொஸ்கோத் தொலைக்காட்சி சில வாக்கியங்களே கூறியது. மே முதலாந் திகதி கீவ் நகரத்தில் ஊர்வலம் வழமைபோல் நடந்தது, பிள்ளைகளும் நடந்தார்கள். நாட்டுப்புறங்களிலோ, வீட்டுக்கொரு பசு. காலையிற் கறந்து காலையிலேயே குடிக்கும் வழக்கம். நிறுத்துங்கள் என்று வேளைக்குச் சொல்ல ஆளில்லை. பிள்ளைப் பருவத்தில் அந்தப் பாலைக் குடித்தவர்களிடையே 2005 ஆம் ஆண்டுவரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தைரொயிட்டுப் புற்றுநோய் கண்டது. அவர்களிற் பெரும்பாலோர் சிகிச்சையால் உயிர் தப்பினர் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அந்நோயிற் பெரும்பகுதி, ஒரு மாதம் வேறு பாலைக் கொடுத்திருந்தால் வராமலே போயிருக்கும்.

எல்லைக்கு அப்பால் போலந்தில் நடந்ததை எண்ணும்போது இது இன்னும் உறுத்துகிறது. போலந்து அதிகாரிகள் மொஸ்கோவின் சொல்லுக்குக் காத்திராமல், தம் அளவைக் கருவிகளை நம்பி, ஏப்ரல் 29 ஆம் திகதி முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயடீன் கரைசல் கொடுத்தார்கள். சுரப்பியை நல்ல அயடீனால் முன்கூட்டியே நிரப்பிவிட்டால், தீய அயடீனுக்கு அங்கே இடமிராது. பசுக்களுக்குப் புதிய புல்லை விலக்கினார்கள்; குழந்தைகளுக்குப் பால்மா கொடுத்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011 மார்ச்சில் யப்பானிய விபத்துச் செய்தி கேட்டுச் சீன நகரங்களில் மக்கள் அயடீன் கலந்த உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். கடைகளில் உப்பு தீர்ந்துபோயிற்று. வளர்ந்தவர் ஒருவருக்கு வேண்டிய ஒருவேளைக் காப்பு அளவை உப்பின் மூலம் பெறுவதாயின், மூன்று கிலோவுக்கு மேல் ஒரேயடியாக உண்ணவேண்டும். அயடீன் குளிசையும் அதிகாரிகள் சொல்லும் வேளையில் உண்ணவேண்டியதேயன்றி, அஞ்சியவர் அஞ்சிய வேளையில் விழுங்குவதன்று.

அயடீன் விரைவில் அழியும் பகைவன். சீசியம்-137 அவ்வாறன்று, பாதியாகவே முப்பது ஆண்டு வேண்டும். அது பொற்றாசியத்தைப் போல நடித்துத் தசைகளிற் புகும். துரோந்தியம்-90 கல்சியத்தைப் போல நடித்து எலும்பிற் குடியேறும். இவற்றோடு போராடுவதற்கு வீட்டடுக்களை ஓரளவு உதவும். இலைக்கறியின் மேற்படிந்ததை ஓடும் நீரிற் கழுவியும், வெளியிலைகளை நீக்கியும், தோலைச் சீவியும் குறைக்கலாம். காட்டுக் காளானை உப்புநீரிலே அவித்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் சீசியத்திற் பெரும்பகுதி நீரோடு போய்விடும். நீரைச் சூப்பாக்கிக் குடித்தால் பயனில்லை. பாலைக் கடைந்து வெண்ணெய் எடுத்தால், சீசியமும் துரோந்தியமும் பெரும்பாலும் மோரிலேயே தங்கிவிடும். இது மோரை விரும்பிக் குடிக்கும் நமக்கு ஏமாற்றமான செய்திதான். நெல்லிலே சீசியம் தவிட்டிற் கூடுதலாகவும் தீட்டிய அரிசியிற் குறைவாகவும் இருக்கும். தவிட்டரிசியைப் புகழ்ந்து பேசும் நான் இங்கே சற்று மௌனமாகிறேன்.

பால்மா வாங்கி உண்ணும் நம் நாட்டவர் கருதவேண்டியது ஒன்றுண்டு. ஒரு கிலோ பால்மாவில் ஏறத்தாழ எட்டு லீற்றர் பாலின் சாரம் அடங்கியிருக்கும். பாலில் இருந்த சீசியமும் அவ்வாறே செறிந்திருக்கும். ஆதலால் இறக்குமதியாகும் மாவை அளந்து பார்ப்பது வீட்டுக்காரியின் கையில் இல்லை. துறைமுகத்திலும் ஆய்வுகூடத்திலும் நடக்கவேண்டிய வேலை அது.

யப்பானில் புக்குஷிமா விபத்து 2011 மார்ச் 11 ஆம் திகதி தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் பாலையும் பசளி போன்ற இலைக்கறிகளையும் தடுத்தார்கள். தோக்கியோவின் நீர் வழங்கல் நிலையமொன்றில் லீற்றருக்கு 210 பெக்கரல் அயடீன் காணப்பட்டது. குழந்தைகளுக்கு உரிய எல்லை 100. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மாநகரம் போத்தல் நீர் வழங்கியது. இருந்தும், வைக்கோலை மறந்துவிட்டார்கள். வயலிற் கிடந்த வைக்கோலில் சீசியம் படிந்திருந்தது; அதைத் தின்ற மாட்டின் இறைச்சி சந்தைக்குப் போன பின்னரே, யூலை மாதத்தில், தெரிந்தது. பின்னர் மிகக் கடுமையானார்கள். 2012 ஏப்ரல் முதல் பொதுவான உணவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல் என எல்லையை இறுக்கினர். அவ்வாண்டு முதல் புக்குஷிமா மாகாணத்தின் நெல்லரிசிப் பைகளை, ஆண்டுக்கு ஒரு கோடியளவில், ஒவ்வொன்றாக அளந்தார்கள். வயலுக்குப் பொற்றாசியப் பசளை இட்டார்கள். பயிர் அதை உண்டு சீசியத்தை விட்டுவிடும். 2015 ஆம் ஆண்டு விளைச்சல் தொடக்கம் எல்லை மீறிய பை ஒன்றும் அகப்படவில்லை. அதன்பின்னும் விவசாயிக்குப் பழைய விலை இலகுவிற் கிடைக்கவில்லை.

கம்பர்லாந்துக்கு ஒருமுறை திரும்புவோம். செர்னோபில் முகில் 1986 மே மாதத்தில் அந்த மலைகளின் மேலேயே மழையாகப் பெய்தது. ஆடுகளின் இறைச்சியிற் சீசியம் கண்டு, யூன் மாதத்தில் விற்பனையைத் தடுத்தனர். மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும் என்றனர் நிபுணர். அவர்களுடைய கணக்கு சமவெளியின் களிமண்ணுக்கு உரியது. களிமண் சீசியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். மலைமேலுள்ள ஈரக் கரிமண்ணோ அதைப் புல்லுக்கு மறுபடியும் மறுபடியும் கொடுத்துக்கொண்டிருந்தது. தம் மலையின் மண்ணையும் புல்லையும் அறிந்த மேய்ப்பர்களிடம் எவரும் கேட்கவில்லை. விண்ட்ஸ்கேலுக்கு அதற்குள் செலாபீல்ட் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். ஆயினும் பழைய தீயை மறவாத மேய்ப்பர்கள், இந்த நஞ்சு உண்மையிலே எங்கிருந்து வந்ததென்று ஐயுற்றார்கள். ஆடுகளைச் சில வாரம் பள்ளத்தாக்கிலே மேயவிட்டால் உடலிலுள்ள சீசியம் இறங்கும் என்பது கண்டு, அளந்து, வர்ணம் பூசி அடையாளமிட்டு விற்றுவந்தனர். மூன்று வாரமென்று சொன்ன அந்தத் தடையின் கடைசிப் பகுதி 2012 யூன் முதலாந் திகதியே நீக்கப்பட்டது.