குடும்பக் குழுவுக்குச் சொந்தமாக ஒரு ‘பாட்’: செய்வது எப்படி, கவனிக்க வேண்டியது என்ன?

பாட்டியின் கிளினிக் தேதி, தாத்தாவின் திதி, தீபாவளிக்கு யார் எப்போது ஊர் திரும்புகிறார் என எல்லாமே குடும்பக் குழுவில் எப்போதோ பதிவாகி, காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்து போகின்றன. பெற்றோர் தோட்டப்புறத்திலும் பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலுமாக வாழும் குடும்பத்தில், ஒரு தேதி தவறினால் மருந்தும் தவறக்கூடும். கேட்டவுடன் விவரம் தந்து, உரிய நாளில் நினைவூட்டும் சிறு நிரலே ‘பாட்’. பைத்தன் மொழியில் ஓரளவு பழக்கமுள்ள இடைநிலைப்பள்ளி மாணவரும் இதை உருவாக்கலாம்.

தொடங்கும் முறை

டெலிகிராம் 2015 ஜூன் மாதம் பாட்களுக்கு வழிவிட்டது. பாட் உருவாக்கக் கட்டணமில்லை. அந்தச் செயலியில் ‘பாட்ஃபாதர்’ என்ற அதிகாரபூர்வக் கணக்கைத் தேடி, ‘நியூபாட்’ கட்டளையை ஆங்கிலத்தில் சாய்கோட்டுடன் அனுப்ப வேண்டும். பெயர் வைத்ததும் ‘டோக்கன்’ எனும் நீண்ட குறியீடு கிடைக்கும். பைத்தனில் டெலிகிராமுக்கென உள்ள இலவச நிரலகத்தை நிறுவி, அந்த டோக்கனை இணைத்தால் பாட் பேசத் தொடங்கும்.

முதலில் இரண்டே கட்டளைகள் போதும்: ஒன்று கிளினிக் தேதிகளுக்கு, மற்றொன்று பிறந்தநாள், திதி பட்டியலுக்கு. கட்டளைச் சொல் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். பதில் முழுவதும் தமிழில் வரலாம்.

நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் என்று குறிப்பிட மறக்கக்கூடாது. அதை விட்டுவிட்டால் நிரல் உலகப் பொது நேரத்தைப் பின்பற்றும். காலை 9 மணி நினைவூட்டல் மாலை 5 மணிக்கு வந்து சேரும்.

சாவி யார் கையில்?

டோக்கன் என்பது வீட்டுச் சாவி போன்றது. அது கிடைத்தவர் எவரும் பாட்டின் பெயரில் குழுவில் பேசலாம். ‘பாட் சொல்லிவிட்டது’ என்று நம்பும் பெரியவர்களிடம் பணம் கேட்கவும் அது போதும். ஆகவே டோக்கனைக் குழுவிலோ இணையத்தில் பகிரும் நிரலிலோ வைக்கக்கூடாது. கசிந்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், பாட்ஃபாதரிடமே பழையதை ரத்து செய்து புதியதைப் பெறலாம்.

பொதுவாக, குழுவில் சேர்க்கப்பட்ட பாட் தனக்கான கட்டளைகளையும் தன் செய்திக்கு வரும் பதில்களையும் மட்டுமே பெறும். அதை நிர்வாகி ஆக்கினால் உறுப்பினர்கள் எழுதும் அனைத்தும் அதற்குச் சென்று சேரும். நினைவூட்டல் அனுப்ப அந்த உரிமை தேவையில்லை. பாட் என்னென்ன படிக்கும் என்பதைக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு விவரங்களை அதில் சேமிக்கக்கூடாது.

நம்பிக்கைக்கும் எல்லை உண்டு

வீட்டு மடிக்கணினியில் ஓடும் பாட், கணினியை மூடியதும் நின்றுவிடும். மின்சாரமோ இணையமோ தடைப்பட்டாலும் அதே நிலைதான். நினைவூட்டல் வராத நாளில், அது வரவில்லை என்பதே யாருக்கும் தெரியாமல் போகலாம். எனவே கிளினிக் தேதி வீட்டு நாள்காட்டியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் நாள் மாலை பிள்ளைகளில் ஒருவர் பெற்றோரை அழைத்துச் சொல்வதும் தொடர வேண்டும்.