இனாமும் கூலியும்

நம் காலனிக் குடும்பங்களிலிருந்து, மக்களையும் பேரக்குழந்தைகளையும் காண அமெரிக்கா சென்று வருவோர் இன்று பலர். அவர்கள் கூறும் குறையொன்றை நாம் அடிக்கடி கேட்கிறோம். உணவு விடுதியில் விலையைக் கொடுத்த பின்னரும், பரிமாறியவருக்கென நூற்றுக்கு 15 முதல் 20 வரை 'டிப்ஸ்' வைக்க வேண்டியிருக்கிறதே, இது என்ன நியாயம் என்பதே அது. நியாயத்தை ஆராயுமுன் வரலாற்றை அறிதல் நலம்.

இவ்வழக்கம் அமெரிக்காவில் பிறந்ததன்று. இதற்குப் பிரெஞ்சு மொழியில் 'பூர்புவார்' என்றும், ஜெர்மன் மொழியில் 'டிரிங்க்கெல்ட்' என்றும் பெயர். இரண்டுமே குடிப்பதற்கான காசு என்னும் கருத்தில் பிறந்தவை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெரிய மாளிகைகளில் விருந்துண்டவர்கள் புறப்படும்போது, வாயிலில் நிற்கும் பணியாட்களுக்குக் காசு கொடுத்தே தீரவேண்டியிருந்தது. இதனை ஒழிக்கப் பிரபுக்கள் முற்பட்டபோது, 1764-இல் லண்டன் பணியாட்கள் கலகம் விளைத்தனர். அவர்களுடைய வருவாயில் பெரும்பகுதி அதுவன்றோ!

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின், ஐரோப்பாவில் உல்லாசப் பயணம் செய்த அமெரிக்கச் செல்வர்கள் இவ்வழக்கத்தைத் தம் நாட்டில் பரப்பினர். அப்பொழுதுதான் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் பிழைப்புத் தேடி நின்றனர். ஜார்ஜ் புல்மன் 1867-இல் நிறுவிய படுக்கை வண்டிக் கம்பெனி அவர்களைப் பணியில் அமர்த்தியது. சம்பளம் சொற்பம், குறையைப் பயணிகளின் இனாம்தான் நிரப்ப வேண்டும். பயணிகளோ அவர்களின் பெயரைக்கூடக் கேட்டாரில்லை. முதலாளியின் பெயரால் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே விளித்தனர். இனாமை எதிர்நோக்கி அதனையும் பொறுத்தனர் அவ்வூழியர்.

இனாமைத் தடுத்து வாஷிங்டன் மாநிலம் 1909-இல் சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் அவ்வழி சென்றன. ஆயினும் 1926-க்குள் அச்சட்டங்கள் யாவும் நீக்கப்பட்டன. 1925-இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்ட படுக்கை வண்டி ஊழியர், பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின் பின் 1937-இல் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து, ஊதிய உயர்வு பெற்றனர்.

உணவு பரிமாறுவோர் நிலை வேறு. டிப்ஸ் பெறுவோருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய தொகையைக் கூட்டரசுச் சட்டம் 1991-இல் மணிக்கு 2.13 டாலராக வைத்தது. அது இன்னும் உயரவில்லை. பொதுவான குறைந்தபட்ச ஊதியமோ 2009 முதல் 7.25 டாலர். இடைவெளியை முதலில் நிரப்புவது உண்பவரின் காசே. அது போதாதபோதுதான் முதலாளியின் பொறுப்பு. முழு ஊதியத்தையும் முதலாளியே தரவேண்டும் என்ற மாநிலங்களும் சில உண்டு.

எல்லா நாடும் இப்படியன்று. பிரான்சில் பரிமாறும் கட்டணம் விலைப்பட்டியலிலேயே அடங்கியுள்ளது. ஜப்பானில் இனாம் தரும் வழக்கமில்லை. மேசைமேல் வைத்த பணத்தை, மறந்து வைத்தீர்கள் என்று திருப்பித் தருவதும் உண்டு.

ஆகவே, அமெரிக்க மேசையில் நாம் வைப்பது தானமன்று, கூலி. அதனை வைக்கும்போது பரிமாறியவரின் பெயரையும் கேட்டறிவோம். தீபாவளி இனாமுக்கு நம் வாயிலில் வந்து நிற்கும் காவற்காரரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.