லத்தீனில் கிடக்கும் தமிழ்

மெரிலேண்ட்ஸில் ரயிலேறி ரெட்ஃபெர்னில் இறங்கி நடந்தால் சிட்னிப் பல்கலைக்கழகம் வந்துவிடும். 1852இல் 24 மாணவரோடு வகுப்புகள் தொடங்கியபோது லத்தீன் அங்கே கட்டாயப் பாடம். முதல் முதல்வரான ஜான் வூலியே செவ்வியல் பேராசிரியரும். இன்று அது விரும்பியவர் எடுக்கும் பாடம். அதில் ‘இடைநிலை லத்தீன்’ என்பது, உருபும் விகுதியும் மனத்தில் படிந்தபின் சிசரோவோடும் ஓவிடோடும் அகராதி துணையாக மல்லுக்கட்டும் கட்டம். மேற்குச் சிட்னித் தமிழ் மாணவர் அதை எட்டும்போது, பாடத்திட்டம் சொல்லாத இன்னோர் அலமாரியும் அவருக்குத் திறக்கிறது. அதிலிருப்பவை தமிழைப் பற்றிய லத்தீன் நூல்கள்.

1706இல் தரங்கம்பாடி வந்த லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு, 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் ‘கிராமட்டிக்கா தமுலிக்கா’வை அச்சிட்டார். ஐரோப்பியக் கற்றோர்க்கெல்லாம் பொதுமொழி லத்தீன் என்பதால் நூலை அம்மொழியிலேயே எழுதினார். தமிழும் லத்தீன் வாய்பாட்டுக்குள்ளேயே அடுக்கப்பட்டது.

அடுத்து வந்த வீரமாமுனிவர் கதை சுவையானது. சேசு சபையினரான அவருக்கும் தரங்கம்பாடி லுத்தரன் சபையினருக்கும் ஓயாத வாதப்போர். ஆயினும் பேச்சுத்தமிழுக்கென 1728இல் அவர் லத்தீனில் எழுதி முடித்த கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது அந்த லுத்தரன் அச்சகம்தான்! எதிரிக்கும் தேவைப்பட்ட நூல் அது. நம் இலக்கண மரபு செய்யுளையும் செந்தமிழையும் முன்னிறுத்தியது. சந்தையிலும் வீட்டிலும் மக்கள் பேசிய தமிழுக்குத் தனியே இலக்கணம் எழுத அது முனையவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டிய பாதிரியாருக்கோ பேச்சுத்தமிழ் தெரிந்தே ஆகவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கைத் தேடுபவர் லத்தீன் பக்கங்களைப் புரட்ட நேர்வது இதனால்தான்.

அப்பக்கங்கள் தமிழருக்கு எளிது என்பது என் கணிப்பு. லத்தீன் வரிசையில் ஆறாவதான ‘அப்லேட்டிவ்’ வேற்றுமை, நம் ‘ஆல்’, ‘இன்’, ‘இல்’ மூன்றின் வேலையையும் ஒருங்கே செய்யும். ‘ஊர்பே காப்தா’ போன்ற தொடர்கள் ஆங்கிலவழி படிப்போரைத் திணறடிப்பவை. ‘மழை பெய்யப் பயிர் செழித்தது’ என்று பேசிப் பழகியவருக்கு ‘நகர் பிடிபட’ என்று கொள்வதில் என்ன தடை?

பின்னர் ஆங்கிலம் குறுக்கே வந்தது. வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தை 1822இல் பாபிங்டன் மொழிபெயர்த்தார். கொடுந்தமிழ் இலக்கணமும் ஆங்கிலமாயிற்று. மூலத்தைத் தேடுவோர் குறைந்தனர். ஆனாலும் லத்தீன் உடனே ஒழிந்துவிடவில்லை. கார்ல் கிரவுலின் லத்தீன் குறள் 1865இல் வந்தது. செந்தமிழ் இலக்கணங்களைத் தொகுத்துரைக்கும் வீரமாமுனிவரின் ‘கிளாவிஸ்’ நூலைப் பர்னல் 1876இல்தான் அச்சேற்றினார். காமத்துப்பாலை விட்டுவிட்டு முனிவர் செய்த குறள் மொழிபெயர்ப்பை, ஜி. யு. போப் 1886இல் தம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார்.

இந்த வரிசையில் நம்மவர் ஒருவரும் உண்டு. ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், ரோமில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது புனித சிப்ரியன் காலத்துக் கார்த்தேஜ் குருமாரை. முழுக்க லத்தீன் உலகம் அது. தமிழில் முதுகலை படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் வந்தது அதற்குப் பிறகே. 1679இல் அச்சான புரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. 1966இல் அதைத் திரும்ப அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவரே.