கடிகாரத் தொழிலாளியின் சாவும் எங்கள் லேகியமும்

இதை எழுதுவதா விடுவதா என்று கனநாள் யோசித்தேன். ‘சொந்தக்காரர் எல்லாம் வாசிக்கிற இடத்தில் இது தேவையா’ என்று மனைவி கேட்டா. தேவை என்றே நினைக்கிறேன். நாங்கள் வெட்கத்தில் கதைக்காமல் விட்ட விசயத்தில்தான் மற்றவன் கடை விரிக்கிறான்.

2010 இல் லோசானில் என்னோடு ஒரே அறையில் ஒரு தம்பி இருந்தான். வயது 22. நான் வேலை செய்த ரெஸ்ரோறன்ற் குசினியிலேயே அவனுக்கும் கோப்பை கழுவும் வேலை எடுத்துக் கொடுத்திருந்தேன். சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையை எங்கோ அனுப்புவான். வீட்டுக்காக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது லேகியப் போத்தல்களும் சூரணப் பைகளும் வந்தன. தமிழ்த் தொலைக்காட்சியில் நடுச்சாமத்தில் வரும் ஒரு வைத்தியரிடமிருந்து தபாலில் எடுப்பித்தவை. என்னடா இது என்று கேட்டதுதான் தாமதம், அழத் தொடங்கிவிட்டான்.

“அண்ணை, நான் பழுதாப் போனன். சின்ன வயசிலயிருந்து கைப்பழக்கம். ஊரில பொம்பிளை பாக்கினம். ஒரு பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கேலாது. அதுக்கு முதல் செத்துப் போகலாம்.”

செல்லடிக்குத் தப்பி, கடல் தாண்டி வந்த பெடியன் சொன்ன கதை இது. அவனுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் பதினைந்து வயதில் நானும் இதே பயத்தில் நித்திரையில்லாமல் கிடந்தவன்தான். நாற்பது துளி இரத்தம் சேர்ந்து ஒரு துளி விந்து என்று யாரோ சொன்னதை நம்பி, கண்ணாடியில் கன்னம் ஒட்டுகிறதா என்று பார்த்தவன்.

சில வருடங்களின் பின், மொழிப் பரீட்சைக்காகப் பிரெஞ்சு பழக நூலகம் போய்வந்த காலத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி வாசிக்கக் கிடைத்தது. பெயர் சாமுவேல் ஓகுஸ்த் திசோ (1728–1797). ஊருக்கு அனுப்பவென்று எங்கள் ஆட்கள் வாங்கும் திசோ கைக்கடிகாரத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவர் வைத்தியர். கெட்ட வைத்தியரும் இல்லை. அம்மைப்பால் குத்துவதை ஆதரித்து 1754 இலேயே புத்தகம் எழுதியவர். சாதாரண சனங்களுக்காக 1761 இல் இவர் எழுதிய வைத்திய நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குப் போனது.

அதே மனிதர்தான் 1760 இல் சுயஇன்பத்தைப் பற்றி ஒரு தனிப் புத்தகம் எழுதினார். அதில் ஒரு கடிகாரத் தொழிலாளி வருகிறான். பதினேழு வயதில் பழக்கம் தொடங்கியதாம். திசோ பார்க்கப் போனபோது உயிருள்ள மனிதன் என்பதைவிடப் பிணம் என்று சொல்லக்கூடிய நிலையில் கிடந்தானாம். சில வாரங்களில் செத்துப்போனான். என்ன வருத்தத்தில் செத்தானோ, பழி விழுந்தது அவன் கையில். அதே புத்தகத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு அவுன்ஸ் விந்து போவது, நாற்பது அவுன்ஸ் இரத்தம் போவதைவிட உடம்பைப் பலவீனமாக்குமாம்!

வாசித்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டேன். நாற்பது! என் ஊர் ஒழுங்கையில் கேட்ட அதே இலக்கம்.

திசோவும் இதைச் சும்மா தொடங்கவில்லை. அவருக்கு முன்னர், 1710களில், லண்டனில் ‘ஒனானியா’ என்று பெயர் போடாத ஒரு சிறுநூல் வந்தது. இந்தப் பழக்கம் பெரும் பாவம், பெரும் நோய் என்று பயமுறுத்திவிட்டு, அந்த நோய்க்கான தைலமும் தூளும் எங்கே வாங்கலாம் என்று அதிலேயே சொன்னது. பயந்தவர்கள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களையும் சேர்த்து அடுத்தடுத்த பதிப்புகள் தடித்தன. நடுச்சாமத் தொலைக்காட்சிக்கு மூத்த தமையன் இது. பைபிளில் வரும் ஓனானின் பெயரை வைத்தார்களே, அவன் கதையே வேறு. செத்த தமையனின் மனைவிக்குப் பிள்ளை கொடுக்க மனமில்லாமல் விந்தை நிலத்தில் விட்டவன் அவன்.

அதற்கு முன் ஐரோப்பியருக்கு இந்தப் பயம் இருக்கவில்லையா? பாவம் என்ற எண்ணம் இருந்தது. ஆளைக் கொல்லும் நோய் என்ற எண்ணம் பரவலாக இருக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியர் காலன், விந்தை அடக்கி வைப்பதுதான் உடம்புக்குக் கேடு என்று எழுதினார். டயோஜெனிஸ் என்ற ஞானி அந்த உபாதையைக் கையாலேயே தீர்த்துக்கொண்டதைக் குறை சொல்லாமல் குறிப்பிட்டார். பழைய தேவாலயத்தைவிட, பகுத்தறிவு பேசிய புதிய யுகம்தான் இந்தப் பெரும் பயத்தைப் பெற்றது என்கிறார் 2003 இல் இதைப்பற்றி ஒரு தடித்த நூல் எழுதிய வரலாற்றாசிரியர் தோமஸ் லக்கர். உடம்பு அதே உடம்புதான். அதைப்பற்றிச் சொன்ன கதைதான் மாறியது.

கதைதானே என்று விடவும் முடியாது, அது ஆட்களை வெட்டியது. லண்டனில் ஐசக் பேக்கர் பிறவுண் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதே காரணம் சொல்லிப் பெண்களின் உறுப்பை வெட்டினார். 1867 இல் மகப்பேற்று மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது. அமெரிக்காவில் டொக்டர் ஜோன் ஹார்வி கெலோக் (ஓம், காலைச் சாப்பாட்டுக் கெலோக்தான்) மயக்க மருந்து இல்லாமல் பெடியன்களுக்குச் சுன்னத்துச் செய்யச் சொன்னார். சிறுமிகளுக்கு அமிலம் பூசச் சொன்னார். பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப் போனது, பாசத்தில்தான்.

பேடன் பவல் 1908 இல் சாரணருக்கு எழுதிய புத்தகத்திலும் இந்த எச்சரிக்கை உண்டு. 1912 இல் சாரணியம் இலங்கைக்கும் வந்தது. எங்களிடமோ ஏற்கெனவே வேறொரு கணக்கு இருந்தது. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, கடைசியில் சுக்கிலம். ஒன்று வடிந்து மற்றது என்று ஏழு தாதுக்கள். கடைசியில் வடிந்தது போனால் எல்லாம் போச்சு என்று ஒருவன் நினைப்பதில் ஆச்சரியமில்லை. இந்தப் பயத்தால் களைப்பும் மெலிவும் வந்து கிடப்பவர்களைக் கண்ட இந்திய மனநல மருத்துவர் என். என். விக், 1960 இல் அதற்கு ‘தாது’ என்ற சொல்லை வைத்தே பெயரிட்டார். அவர்களின் களைப்பு பொய்யில்லை. அதற்குக் காரணம் விந்து போனது அல்ல, பயம்.

அமெரிக்காவில் கின்சி 1948 இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களில் 92 வீதம் பேர் சுயஇன்பம் செய்ததாகச் சொன்னார்கள். 1953 இல் பெண்களைப்பற்றி வந்த நூலில் 62 வீதம். திசோ சொன்னது உண்மை என்றால் அமெரிக்காவே சுடுகாடாகியிருக்கும். உடம்பு விந்தைச் சேமித்து வைக்கிற வங்கி இல்லை. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது உண்டாகிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தம்பியின் கதையை முடிக்கவில்லையே. 2010 இல் எனக்கு இந்த வரலாறு ஒன்றும் தெரியாது. செய்த ஒரே நல்ல காரியம், அவனை டொக்டரிடம் கூட்டிப்போனது. எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் நானே மொழிபெயர்ப்பாளன். அந்த வார்த்தை எனக்குப் பிரெஞ்சிலும் தெரியாது, தமிழில் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் கையால் காட்டினேன். டொக்டர் அம்மா சிரிக்கவில்லை. “இது நோய் இல்லை. தூளை நிற்பாட்டு. சாகிற எண்ணம் வந்தால் உடனே என்னிடம் வா” என்றா. பிறகு அவனிடம் கேட்டா: “இவ்வளவு காலமும் இதை உனக்கு ஒருவரும் சொல்லவில்லையா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். என் மகனுக்கு வருகிற மாதம் பன்னிரண்டு முடிகிறது. பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள்தான். ஆனால் தமிழிலும் ஒருவர் சொல்லவேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. மகனை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன்.