அலை எங்கே முறிகிறது?

பிளாஸ்மா அலை எவ்வளவு வலுத்தால் முறியும் என்று கணக்கிட்டவர்கள் அரை நூற்றாண்டாக ஒத்துப்போகவில்லை. அதற்குப் பெரும்பாலும் கணக்குப் பிழை காரணமல்ல. எலெக்ட்ரான்களின் வெப்பத்தை ஆளுக்கொரு விதமாக எழுதியதே காரணம். 1956இல் சோவியத் அறிஞர்கள் அகியேசரும் பொலோவினும் வெப்பத்தை அடியோடு விட்டுவிட்டார்கள். 1959இல் ஜான் டாசனும் சார்பியலைத் தொடாமல் அப்படியே செய்தார். எலெக்ட்ரான்களை வரிசையாக நிற்கும் தகடுகளாகக் கொண்டு, ஒரு தகடு அடுத்ததை முந்தும் கணத்தை முறிவு என்றார். அப்போது எலெக்ட்ரானின் வேகம் அலையின் வேகத்தை எட்டுகிறது, அடர்த்தி முடிவிலிக்குப் பாய்கிறது. தெளிவான வரையறைதான். ஆனால் அகியேசர்–பொலோவின் சூத்திரத்தில் அலை ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க மின்புல எல்லையும் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. 1979இல் டஜிமாவும் டாசனும் லேசர் எழுப்பும், ஒளி வேகத்தை ஒட்டி ஓடும் பிளாஸ்மா அலையால் எலெக்ட்ரான்களை முடுக்கலாம் என்று காட்டியபின், இது ஏட்டுச் சிக்கலாக மட்டும் இருக்க முடியவில்லை.

வெப்பம் இருந்தால் அழுத்தம் எதிர்த்து நிற்கும். அடர்த்தி முடிவிலிக்குப் போகாது. 1971இல் டி.பி. காஃபி 'தண்ணீர்ப் பை' மாதிரியை எடுத்தார்: ஒரு விளிம்பு வேகம் வரை எலெக்ட்ரான்கள் சீராக நிரம்பியிருக்கும், அதற்கு அப்பால் ஒன்றும் இராது. இயற்கையில் அப்படியொரு பிளாஸ்மா கிடையாது. ஆனாலும் அந்தக் கணக்கு சொல்வதைப் பாருங்கள்: விளிம்பு வேகம் அலை வேகத்தில் பத்தில் ஒரு பங்கே இருந்தாலும், முறிவு எல்லை டாசனின் அளவில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 1988இல் கட்சூலியாஸும் மோரியும் இதே பையைச் சார்பியலுக்குள் கொண்டுபோனபோது, அலை ஒளி வேகத்தை நெருங்க நெருங்க எல்லை மடக்கை வேகத்தில், மெதுவாக, ஏறிக்கொண்டே இருந்தது. 2005இல் ஷ்ரோடர், எசாரே, ஷாட்விக் மூவரும் வேகச் சிதறல் சிறியது என்று மட்டும் கொண்டு அழுத்தச் சமன்பாட்டை முடித்தார்கள். அவர்களுக்கு எல்லை ஓர் அளவில் நின்றுவிட்டது. இரண்டுமே வெப்பத் திரவ மாதிரிகள்தான். முன்னதில் பையின் விளிம்பு அலையைப் பிடிப்பதே முறிவு. பின்னதில் அலைத் தீர்வு இல்லாமல் போகும் இடமே முறிவு. 2006இல் ட்ரைன்ஸும் நாரிஸும் இந்த எல்லைகளை ஒப்பிட்டு மறுபடி அலசியதற்கு இந்த வேறுபாடே இடம் கொடுத்தது.

எலெக்ட்ரான்களின் வேகப் பரவலையே கணக்கிடும் விளாசோவ் சமன்பாட்டை நேரடியாகத் தீர்த்தால் திரவ மாதிரியே தேவையில்லையே என்று கேட்கலாம். தீர்க்கலாம்; ஆனால் வெப்பச் சமநிலையில் எலெக்ட்ரான்கள் கொள்ளும் மேக்ஸ்வெல் வேகப் பரவலின் வாலுக்கு விளிம்பு இல்லை. சில எலெக்ட்ரான்கள் எப்போதும் அலையோடு ஓடக்கூடியவை, வீச்சு ஏற ஏற அவற்றின் தொகை கூடும், அவ்வளவுதான். கூரிய எல்லை என்பது மாதிரி தரும் கொடை. அப்படியானால் முறிவே கற்பனையா என்றால், இல்லை. பிரிட்டனின் ரதர்ஃபோர்டு ஆய்வகத்து வல்கன் லேசர் சோதனையில் முறிந்த அலையிலிருந்து 44 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் கொண்ட எலெக்ட்ரான்கள் வெளிவந்ததை 1995இல் அறிவித்தார்கள். எந்தச் சூத்திரம் சரி என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. சோதனையின் அலை முப்பரிமாணத்தில் ஓடியது, சூத்திரங்கள் எல்லாம் ஒற்றைப் பரிமாணத்தில் எழுதப்பட்டவை.