நோவு தணித்தலும் தாதியர் பணியும்

மருத்துவம் என்பது மருத்துவன் ஒருவனாலே முற்றுப்பெறுவதன்று. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, பிணியாளன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு, அருகிருந்து பணிபுரிவானையும் நான்காவது கூறாக வைத்தெண்ணினார். அக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், அப்பணியாளனுக்கு வேண்டிய குணங்களுள் பிணியாளன்மாட்டு அன்போடு அறிவுடைமையையும் சேர்த்துக் கூறினார். அன்பு வேண்டுமென்பதை உலகம் எளிதிலே ஒப்புக்கொண்டது. அறிவும் வேண்டுமென்பதை ஒப்புக்கொள்ள நெடுங்காலம் சென்றது. மேனாட்டு மருத்துவத்திலே நோவு தணிக்கும் முறைகள் வளர்ந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையிலே, வில்லியம் மோட்டன் என்னும் பல்வைத்தியர் ஈதர் ஆவியை முகரச் செய்து ஒருவரை மயக்க, சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. மறு ஆண்டு நவம்பரிலே எடின்பரோ நகரத்து ஜேம்ஸ் சிம்சன் குளோரோபோமின் மயக்கும் ஆற்றலை வெளிப்படுத்தினார். அதுகாறும் நோயாளியைப் பலர் பிடித்துக்கொள்ள, கத்தியை எத்துணை விரைவாகச் செலுத்துகிறாரோ அத்துணைச் சிறந்த வைத்தியர் எனப் பெயர்பெற்ற காலம் அது. புதிய மருந்துகளை மக்கள் பெருவரமென வரவேற்றதில் வியப்பில்லை.

ஆயினும், அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1848ஆம் ஆண்டு சனவரியிலே, இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அண்மையில், ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி கால்விரல் நகமொன்றை அகற்றும் பொருட்டுக் குளோரோபோம் கொடுக்கப்பெற்றுச் சில நிமிடங்களுள் உயிர்துறந்தாள். நோவை நீக்கும் மருந்தே உயிரையும் நீக்கவல்லது என்பது அன்று தெளிவாயிற்று. எனவே, மருந்து யாது என்பதனோடு, அதனை யார் கொடுக்கிறார், எவ்வாறு கொடுக்கிறார் என்னும் வினாக்களும் எழுந்தன.

அவ்வினாவுக்குப் பலகாலம் தக்க விடை கிடைக்கவில்லை. பிரித்தானியாவிலே ஜோன் சினோ போன்ற சிலர் மயக்கமருந்தை ஆராய்ந்து பயின்றனராயினும், பலவிடங்களிலே அப்பணி அனுபவமற்ற இளம் வைத்தியரிடமோ மாணவரிடமோ ஒப்படைக்கப்பட்டது. அவர்தம் விருப்பமெல்லாம் சத்திரவைத்தியரின் கைத்திறனைக் கற்றுக்கொள்வதிலேயே இருந்தது. கண் கத்தியை நோக்க, நோயாளியின் மூச்சு நோக்குவாரற்றுப் போயிற்று.

இக்குறையை நீக்க முன்வந்தோர் தாதியரே. அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்து றொச்செஸ்ரர் நகரிலே, புனித பிரான்சிஸ் சபைக் கன்னியர் 1889ஆம் ஆண்டிலே புனித மரியாள் வைத்தியசாலையைத் திறந்தனர். அங்கே சத்திரசிகிச்சை செய்த மேயோ குடும்பத்தினர், மயக்கமருந்து கொடுக்கும் பொறுப்பை எடித் கிரகாம் என்னும் தாதியிடம் ஒப்படைத்தனர். 1893இல் அவர் சார்ள்ஸ் மேயோவை மணந்தார். அவரையடுத்து அப்பொறுப்பை ஏற்றவர் அலிஸ் மகோ.

மகோ புதிய மருந்தெதனையும் கண்டுபிடித்தவரல்லர். முகத்தின்மேல் மெல்லிய துணி போர்த்த மூடியை வைத்து, அதன்மேல் ஈதரைத் துளிதுளியாக விடும் முறையையே அவர் செம்மையுறக் கையாண்டார். எல்லார்க்கும் ஒரேயளவு என்று கொள்ளாது, அவரவர் உடல்நிலைக்கு ஏற்ப அளவை மாற்றினார். மூச்சின் போக்கு, நாடி, முகத்தின் நிறம் ஆகியவற்றை இடைவிடாது நோக்கினார். மயக்கமுறுமுன் நோயாளியோடு அமைதியாகப் பேசி, அச்சத்தைத் தணித்தார். அச்சம் தணிந்தவர்க்குக் குறைந்த மருந்தே போதுமென்பது அவர் அனுபவம். 1906ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட கட்டுரையொன்று, பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளில், மயக்கமருந்தை நேரடிக் காரணமாகக் கொண்ட மரணம் ஒன்றேனும் நிகழவில்லை என அறிவித்தது. கருவிகள் மிகக் குறைந்த அக்காலத்திலே இது பெருஞ்சாதனையாகும்.

ஆயினும், திறமை தெளிவானபின்னரும் உரிமை எளிதிலே கிட்டவில்லை. மயக்கமருந்து கொடுத்தல் வைத்தியத் தொழிலேயாகும். தாதியர் அதனைச் செய்தல் சட்டவிரோதமாகும் என வைத்தியருள் ஒருசாரார் வழக்காடினர். கென்டக்கி மாநிலத்திலே மாகரற் ஹற்பீல்ட் என்னும் தாதியின் பணிபற்றிய வழக்கு 1917இலும், கலிபோர்னியாவிலே டக்மார் நெல்சன் என்னும் தாதிமீது தொடரப்பட்ட வழக்கு 1936இலும் உயர்ந்த நீதிமன்றங்களாலே தாதியர் சார்பாகத் தீர்க்கப்பட்டன. சத்திரவைத்தியரின் மேற்பார்வையில் அவர் ஆற்றும் பணி முறையானதே என்பது தீர்ப்பின் சாரம்.

சத்திரசிகிச்சை நோவு சில மணிநேரத்தது அல்லது சில நாளையது. தீராப் பிணியாளரின் நோவோ நாள்தோறும் தொடர்வது. அவர்க்கு, நோவு தாங்கவொண்ணாது கதறிய பின்னரே மோபீன் கொடுப்பது பலவிடத்தும் வழக்கமாயிருந்தது; மருந்துக்கு அடிமையாவர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். இலண்டனிலிருந்த புனித லூக்கா இல்லத்திலோ, தாதியர் நோவு மீளுமுன்னரே குறித்த நேரந்தோறும் அம்மருந்தை வாய்வழியாகக் கொடுத்து வந்தனர். 1948இல் அங்கே தொண்டாற்றச் சென்ற சிசிலி சோண்டர்ஸ் அம்முறையைக் கண்டார். தாதியாகப் பயிற்சி பெற்றிருந்த அவர், பின்னர் மருத்துவங் கற்று 1957இல் வைத்தியராகி, அம்முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். 1967இல் இலண்டனிலே புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவினார். இன்று உலகெங்கும் பரந்துள்ள அந்திமகாலப் பராமரிப்புக்கு அவ்வில்லம் வழிகாட்டியாயிற்று. அதன் வேரிலே, பெயரறியப்படாத தாதியரின் அன்றாட வழக்கம் ஒன்று இருந்தமை மறக்கற்பாலதன்று.

1968ஆம் ஆண்டிலே மாகோ மக்கவ்றி என்னும் அமெரிக்கத் தாதி, நோவின் உண்மையை அறிதற்கு நோயாளியின் கூற்றே முதற்சான்று என வற்புறுத்தினார். நோவைக் குறைத்துக் கணித்தால் நோயாளி வீணே துன்புறுவார். ஆனால், மருந்தை மிகுத்தால் மூச்சுத் தளரும். ஆதலாலே, தாதி நோவின் அளவைக் கேட்டறிவதோடு, மூச்சையும் உறக்கச் சோர்வையும் பார்த்தறிதல் வேண்டும். மோபீன் வகை மருந்துகளால் மூச்சுத் தளருமுன் பெரும்பாலும் சோர்வே மிகுதலின், அதனை முதலிற் காண்பவர் நோயாளியைக் காத்தவராவர்.

இயந்திரங்கள் பெருகிய இக்காலத்தும் இந்நிலை மாறவில்லை. நோயாளி தாமே பொத்தானை அழுத்தி, வரையறுத்த அளவு மருந்தைப் பெறும் கருவி இன்று வழக்கிலுள்ளது. சோர்ந்து உறங்குபவர் அழுத்தமாட்டார் என்பதே அதன் காப்பு. இரக்கத்தால் உறவினர் அழுத்துவாராயின் அக்காப்பு அழிந்துவிடும். அதனை முன்கூட்டியே விளக்கித் தடுப்பவரும், கருவி காட்டும் எண்ணோடு படுக்கையிலுள்ளவரின் முகத்தையும் நோக்குபவரும் தாதியரே.

ஈதர்த் துளி முதல் இக்கருவி வரை மருந்துகள் பல மாறின. அன்பு மாத்திரம் உடையோர் நோவுக்கு இரங்குவர். அன்போடு அறிவும் உடையோரே அதனை இடையூறின்றித் தணிக்கவல்லர். தாதியர் பணியை வெறும் ஏவற்பணியென எண்ணுவோர் உளராயின், அவர் இவ்வரலாற்றைக் கற்றுத் தெளிவாராக.